கணக்கு ஒப்புவிக்கும் குரல்

வன்னிப் பெருநிலப்பரப்பின் கிறிஸ்தவ சபையார் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும், கத்தோலிக்கரென்றும் மெதடிஸ்தரென்றும் இலங்கைத் திருச்சபையாரென்றும் தென்னிந்திய திருச்சபையாரென்றும், கோபுரமும் மணியுமின்றித் தகரக் கொட்டகைகளிலே கூடி ஆராதிக்கும் சுயாதீன சபையாரென்றும் பல பெயர்களால் அழைக்கப்பட்டாலும், ஒரே ஆண்டவரின் நாமத்தைத் தரித்து, ஒரே யுத்தத்தின் தழும்பைச் சுமந்து வாழ்கின்ற சகோதர சகோதரிகளே,

இம்மடலை ஒரு சபைக்கு மாத்திரம் எழுதாமல் எல்லாருக்கும் பொதுவாக எழுதுவதற்குக் காரணம், இங்கே பேசவந்த விஷயம் எந்த ஒரு சபையின் மதிலுக்குள்ளும் அடங்காதது என்பதே. யாருடைய குரலை நம்புவது என்னும் கேள்வி இன்று நம்முடைய ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் நிற்கின்றது. விடியுமுன் கைபேசியிலே ஒரு தீர்க்கதரிசனம் வந்து விழுகிறது. காலையில் ஒருவர் படலையடியில் நின்று பிள்ளையைக் கனடாவுக்கு அனுப்பலாம் என்கிறார். மத்தியானம் கூட்டாளி ஒருவர், மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் போட்ட பணம் இரட்டிக்கும் என்கிறார். பின்னேரம் மைதானத்திலே ஒலிபெருக்கி கட்டி, வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர், இந்த மாதத்துக்குள் உன் கண்ணீர் துடைக்கப்படும் என்று உரத்த சத்தமாய் வாக்குப் பண்ணுகிறார். இவற்றுள் எது ஆண்டவரின் சத்தம், எது வயிற்றுப்பிழைப்பின் சத்தம், எது வெறும் காற்று என்று பகுத்தறியும் விவேகம் நம்மிடம் முன்னொருகாலம் நிரம்ப இருந்தது என்பதையும், அது இப்போது தேய்ந்து வருகிறது என்பதையும், அதை மீட்டெடுப்பது விசுவாசத்துக்கு விரோதமான செயலன்று, விசுவாசத்தின் கடமையே என்பதையும் உங்களுக்கு ஞாபகப்படுத்த விரும்புகிறேன்.

முன்னொருகாலம் இருந்தது என்று சொன்னது வெறும் உபசார வார்த்தையன்று. தொண்ணூறுகளிலே பொருளாதாரத் தடையின் காரணமாகப் பற்றரி வன்னிக்கு வராதிருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். செய்தி நேரமானதும் முற்றத்திலே சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையினாற் சுழற்ற, டைனமோவிலே பிறந்த அந்தச் சொற்ப மின்சாரத்திலே வானொலி பேசியது. சுழற்றுகிறவரின் கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளர்ந்து அமிழும். ஆதலினாற் சிறுவர்கள் முறைவைத்துச் சுழற்றினார்கள். அவ்வளவு பிரயாசைப்பட்டுக் கேட்ட செய்தியை நம்முடைய பெரியவர்கள் கேட்டவுடனே நம்பிவிட்டார்களா? இல்லை. கொழும்பு வானொலி சொன்னதையும், புலிகளின் குரல் சொன்னதையும், லண்டனிலிருந்து தமிழோசை சொன்னதையும், மணிலாவிலிருந்து வேரித்தாஸ் சொன்னதையும் ஒன்றோடொன்று பொருத்தி, ஒன்று மிகைப்படுத்தியதை மற்றொன்றாற் குறைத்து, ஒன்று மறைத்ததை மற்றொன்றால் நிரப்பி, அதன் பின்னும் அந்தப் பக்கத்திலிருந்து வந்த லொறிச் சாரதியையோ ஆசுபத்திரி ஊழியரையோ கண்டு விசாரித்த பிறகே, இப்படித்தான் நடந்திருக்கும் என்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். பள்ளிக்கூடப் படிப்பு அதிகமில்லாத கமக்காரர்கள் செய்த பரிசோதனை அது. இன்று கைபேசியிலே விரலை அசைத்தாற் செய்தி வருகிறது. கேட்பதற்குப் பிரயாசை இல்லாமற் போனபோது, சோதிப்பதற்கான பிரயாசையையும் நாம் கைவிட்டுவிட்டோம்.

அந்தப் பரிசோதனையின் அவசியத்தை 2008ஆம், 2009ஆம் ஆண்டுகள் நமக்கு இரத்தத்தினாற் கற்பித்தன. 2008 செப்டெம்பரிலே ஐக்கிய நாடுகள் சபையின் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட ஆயத்தமானபோது, போகவேண்டாம் என்று மன்றாடி அவர்களுடைய வாசலிலே நின்றவர்கள் நம்முடைய ஜனங்கள்; சாட்சிகள் போய்விட்டால் வெறுங் குரல்கள் மாத்திரமே எஞ்சும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவ்வாறே எஞ்சின. 2009 ஜனவரியிலே ஆகாயத்திலிருந்து வீழ்ந்த துண்டுப்பிரசுரம், இன்ன எல்லைக்குள் வந்துவிட்டாற் பாதுகாப்பு என்று சொன்னது. அதனை நம்பி உடையார்கட்டுக்கும் சுதந்திரபுரத்துக்கும் போனவர்களின் தலைமேலே எறிகணைகள் விழுந்தன. மறுபக்கத்திலே, வெற்றி அண்மித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே விடுதலைப் புலிகள், வெளியேற முயன்ற ஜனங்களைத் தடுத்ததும் அவர்கள்மேற் சுட்டதும் உண்டு என்பதை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் எழுதிவைத்தது. இரண்டு பக்கத்துக் குரல்களும் நம்முடைய பெயராலேயே பேசின என்பதையும், இரண்டும் நம்மைக் காப்பதாகவே சொல்லின என்பதையும் மறவாதிருப்போமாக.

அக்காலத்திலே உண்மை பேசிய குரல் ஒன்று இருந்தது. அது மிகவும் சிறிய குரல். யுத்த வலயத்துக்குள் அகப்பட்டிருப்போர் ஏறக்குறைய 70,000 பேர் என்று கொழும்பு சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த வலயத்துக்குள்ளேயே நின்று நிவாரண அரிசிக்காகக் குடும்பம் குடும்பமாகப் பெயரெழுதிக்கொண்டிருந்த அரச உத்தியோகத்தர்களின் கணக்கு 330,000 என்றது. முடிவிலே உயிரோடு வெளியே வந்து செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைபட்டவர்கள் மாத்திரமே 280,000க்கு மேற்பட்டவர்கள். அமைச்சர்களும் தளபதிகளும் சொன்ன தொகை பொய்த்தது. கொப்பியும் பேனையும் வைத்துக்கொண்டு பங்கருக்கும் தறப்பாளுக்கும் இடையே நடந்து திரிந்தவர்கள் எழுதிய தொகையே நின்றது. அவர்கள் தீர்க்கதரிசிகளல்லர், ஆனால் தாம் எழுதிய ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோப்பை அரிசியாலே பதில் சொல்லவேண்டிய நிலையிலே இருந்தவர்கள். தன் சொல்லுக்குக் கணக்கு ஒப்புவிக்கவேண்டிய நிலையிலிருந்து பேசுகிற குரலும், அவ்விதக் கடப்பாடு ஒன்றுமில்லாத உயரத்திலிருந்து பேசுகிற குரலும் ஒருநாளும் ஒன்றாகா என்பதே நான் இம்மடலிலே சொல்லவந்த ஒரே காரியம். மற்றவையெல்லாம் அதன் விளக்கமே.

2009 மே 18ஆம் திகதி வட்டுவாகலிலே நடந்ததை இந்த வெளிச்சத்திலே பாருங்கள். இயக்கத்திலே ஒரு நாள் இருந்தவர்களாயினும் வந்து பதிவு செய்யுங்கள், விசாரித்து விட்டுவிடுவோம் என்று ஒலிபெருக்கி சொல்லிற்று. அந்தக் குரலுக்கு முகமில்லை, பெயரில்லை, கையெழுத்தில்லை. அதே இடத்திலே, யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபரான பிரான்சிஸ் யோசப் அடிகளார், சரணடைந்தவர்களோடு தாமும் கூடப்போய்ப் பேருந்தில் ஏறியதைக் கண்டதாகப் பல உறவினர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பேருந்திற் போனவர்களும் திரும்பவில்லை, அடிகளாரும் திரும்பவில்லை. நல்லவரொருவரின் பிரசன்னம் நன்மையான முடிவுக்கு உத்தரவாதமாகாது என்ற கசப்பான பாடத்தை இதிலிருந்து கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். விவேகமுள்ளவனுக்கு ஆபத்தே வராது என்று சொல்வதுமே ஒரு கள்ளத் தீர்க்கதரிசனந்தான். ஆயினும் ஒலிபெருக்கிக்கும் அடிகளாருக்கும் உள்ள வித்தியாசம் முடிவினால் அழிந்துபோகவில்லை. ஒன்று பிறரை ஏறச் சொன்னது. மற்றவர் தாமும் ஏறினார்.

யுத்தம் முடிந்தபின் குரல்கள் ஓயுமென்று எண்ணினோம், பெருகின. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலின் முன்றலிலே 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய போராட்டத்தை அறியாதவர் நம்மில் இல்லை. கையிலே படத்தை ஏந்தி அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எங்கே? அந்தக் கேள்விக்கு வந்த பதில்கள் இரு வகையின. 2020 ஜனவரியிலே, அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, ஐ.நா.வின் வதிவிட ஒருங்கிணைப்பாளரிடம், காணாமற்போனோர் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று சொன்னார். எங்கே, எப்போது, யார் கையால் என்று சொல்லவில்லை. இறந்துவிட்டார்கள் என்பது அதிகாரத்தின் குரல். இருக்கிறார்கள் என்பது வியாபாரத்தின் குரல். உங்கள் மகன் இன்ன முகாமில் இருக்கிறான், இத்தனை லட்சம் தந்தால் வெளியே எடுக்கலாம் என்று தொலைபேசியிலே பேசிய தரகர்களிடம் தாலிக்கொடியையும் காணியுறுதியையும் இழந்த குடும்பங்கள் எத்தனை என்பதை ஒவ்வொரு கிராமமும் அறியும். ஒருவன் ஆதாரமின்றிக் கதவை அடைக்கிறான். மற்றவன் ஆதாரமின்றிக் கதவைத் திறந்துகாட்டிக் கட்டணம் கேட்கிறான். இரண்டுக்கும் நடுவிலே அந்தத் தாய் நிற்கிறாள்.

அவள் நிற்கும் அந்த இடத்திலேதான் நம்முடைய சபைகளைச் சேர்ந்த சில குரல்களும் போய் நிற்கின்றன என்று எழுதவேண்டியிருப்பது எனக்கு வருத்தமே. ஒரு வீட்டுத் திண்ணையிலே நடந்ததை நான் அருகிலிருந்து கண்டேன். அந்த வீட்டுச் சுவரிலே இரண்டு படங்கள். தகப்பனுடைய படத்தின்மேலே காய்ந்த பூமாலை கிடந்தது. வாலிபனாகிய மகனுடைய படத்துக்கு மாலை இல்லை. நம்முடைய நாட்டிலே மாலை போடாத படம் என்ன சொல்கிறது என்பதை விளக்கவேண்டியதில்லை. அது திரும்பி வருவான் என்று வீட்டார் இன்னும் காத்திருக்கிற படம். வந்திருந்த ஊழியக்காரர் அந்தச் சுவரை ஒருமுறை பார்த்தார், கண்களை மூடினார், பாஷை பேசினார், பின்பு, அம்மா, உங்கட மகன் உயிரோடு இருக்கிறான், ஒரு வெள்ளைச் சுவர்க் கட்டடத்தைக் கர்த்தர் எனக்குக் காட்டுகிறார் என்றார். அந்தத் தாய் தரையிலே விழுந்து அழுதாள். எழுந்தபோது, உபவாச ஜெபத்துக்கான காணிக்கை என்று சொல்லி ஒரு வெற்றுக் கடித உறை அவளுடைய கையிலே கொடுக்கப்பட்டது. அவள் அதை நிரப்பினாள். அந்த மனிதருடைய தரிசனத்துக்கு வேண்டியதெல்லாம் சுவரிலே இருந்தது; பரலோகத்திலிருந்து ஒன்றும் வரவேண்டியிருக்கவில்லை.

இப்படிப்பட்ட சந்தர்ப்பத்துக்கென்றே எழுதப்பட்டதுபோல வேதாகமத்திலே ஒரு சரித்திரம் இருக்கிறது. பாபிலோனியர் எருசலேமின் ஜனங்களைச் சிறைப்பிடித்துக் கொண்டுபோன பின்பு, அனனியா என்னும் தீர்க்கதரிசி தேவாலயத்திலே, ஆசாரியர்களும் சகல ஜனங்களும் பார்த்திருக்க எழுந்து, இரண்டு வருஷத்துக்குள்ளே கொண்டுபோகப்பட்டவர்கள் எல்லாரும் திரும்பி வருவார்கள் என்று கர்த்தரின் நாமத்தினாலே சொன்னான். எரேமியா என்ன செய்தார்? முதலில், ஆமென், அப்படியே ஆகட்டும் என்றார். அவருடைய இருதயமும் அந்தச் செய்தி மெய்யாயிருக்கவேண்டுமென்றே விரும்பியது. ஆனால் விருப்பத்தை அவர் சாட்சியாக ஏற்றுக்கொள்ளவில்லை. சமாதானத்தை அறிவிக்கிற தீர்க்கதரிசியின் வார்த்தை நிறைவேறும்போதே அவன் கர்த்தரால் அனுப்பப்பட்டவன் என்று தெரியவரும் என்று சொன்னார். அனனியா அவருடைய கழுத்திலே கிடந்த மரநுகத்தைப் பிடுங்கி உடைத்துக் காட்டியபோதும், பேசாமற் போய்விட்டார். கர்த்தருடைய வார்த்தை தமக்கு வந்த பின்பே திரும்பி வந்து, அனனியாவின் வாக்குப் பொய் என்றார். அடுத்த அதிகாரத்திலே அவர், சிறைப்பட்டுப் போனவர்களுக்கு ஒரு நிருபம் எழுதி அனுப்பினார்: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் நன்மைக்காக ஜெபியுங்கள், எழுபது வருஷம் செல்லும். இடம்பெயர்ந்த ஜனத்துக்கு எழுதப்பட்ட அந்த மடலிலே இனிப்பு இல்லை. அதிலே உழைப்பும் ஜெபமும் நீண்ட காத்திருப்பும் இருந்தன. அது கேட்பதற்குக் கடினமாயிருந்ததனாலே எரேமியாவைப் பைத்தியக்காரன் என்று எழுதியனுப்பினவர்களும் உண்டு. இரண்டு வருஷக் குரலே எப்பொழுதும் கூட்டம் சேர்க்கும். எழுபது வருஷக் குரலோடு இருப்பது சிலரே.

நம்முடைய காலத்திலே அந்த எழுபது வருஷக் குரலைக் கேட்டிருக்கிறோமா என்று என்னைக் கேட்டால், கேட்டிருக்கிறோம் என்பேன். 2011 ஜனவரியிலே, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது, அப்போதைய மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை தம்முடைய குருமாரோடு அதன் முன்னே ஒரு சமர்ப்பணத்தை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்திலே கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளின் கணக்குப்படி வன்னியிலே இருந்த ஜனங்கள் 429,059 பேர். 2009 யூலை 10ஆம் திகதிய ஐ.நா. அறிக்கையின்படி அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தோர் 282,380 பேர், மிச்சம் 146,679. இத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று ஆயர் சொல்லவில்லை. இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை விளக்குங்கள் என்றே கேட்டார். ஒரு பெரிய இழப்பைச் சொல்லவந்தவர், அதைத் தம்முடைய அழுகையினாலே மிகைப்படுத்தாமல், இரண்டு தொகைகளையும் அவை எங்கிருந்து வந்தன என்பதையும் எதிரியின் முன்னே வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளையும் செய்யக்கூடிய ஒரு கழித்தலை மாத்திரம் செய்து காட்டினார். அத்தொகையை மறுப்பவர்கள் உளர். மறுப்பதற்கு வேண்டிய கருவியையும் அவரே அவர்கள் கையிலே கொடுத்துவிட்டார் என்பதே அக்குரலின் மேன்மை. காவற்றுறையினர் தம்மை விசாரிக்க வந்தபோதும் அவர் அந்தக் கணக்கைத் திருப்பி வாங்கவில்லை. 2021 ஏப்ரல் 1ஆம் திகதி அவர் மறைந்தார், கேள்வி மறையவில்லை.

இதற்கு எதிர்முகமாக, ஊரறிந்த இரண்டு சம்பவங்களை வைத்துப் பாருங்கள். 2023 பெப்ரவரியிலே தஞ்சாவூரில் பழ. நெடுமாறன், விடுதலைப் புலிகளின் தலைவர் நலமாக இருக்கிறார், விரைவிலே வெளிப்படுவார் என்று அறிவித்தார். அதே ஆண்டு நவம்பர் 27ஆம் திகதி, அத்தலைவரின் மகள் துவாரகா தாமே என்று சொல்லிக்கொண்டு ஒரு பெண் காணொளியிலே தோன்றினார். உறவினர்களே அதை மறுத்தார்கள். அரசியலிலே யார் எந்தப் பக்கம் நின்றாலும் நிற்கட்டும். நான் கேட்பது அதையன்று. அந்த அறிவிப்புக்கும், நான் சொன்ன திண்ணையிலே கேட்ட தரிசனத்துக்கும் அமைப்பிலே என்ன வித்தியாசம்? இருக்கிறார், வருவார், காரணம் கேளாதே, இப்போதைக்கு நம்பு. நம்முடைய துக்கத்தின் ஆழத்தை அளந்து வைத்துக்கொண்டு, அந்த ஆழத்துக்குள்ளே வார்த்தையை எறிகிறவர்கள் மதத்திலும் உண்டு, அரசியலிலும் உண்டு. இறந்தோரின் குரலையே கணினி கொண்டு உருவாக்கிக் கேட்பிக்கக்கூடிய காலத்துக்கு வந்துவிட்டோம். இனிமேல் காதினாற் கேட்டேன் என்பதும் கண்ணினாற் கண்டேன் என்பதும் போதிய சாட்சியாகா.

ஆண்டவருடைய அபிஷேகம் பெற்றவர்களைச் சோதிப்பது பாவமல்லவா என்று உங்களிற் சிலர் கேட்பீர்கள். அப்படிக் கேட்கும்படி கற்பிக்கப்பட்டும் இருக்கிறீர்கள். அப்போஸ்தலராகிய பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதியபோது, தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருக்கும்படியும், எல்லாவற்றையும் சோதித்து நலமானதைப் பிடித்துக்கொள்ளும்படியும் அடுத்தடுத்து எழுதினார். ஒன்றை வைத்து மற்றொன்றைத் தள்ளவில்லை. கொரிந்தியருக்கு, இரண்டு மூன்று பேர் தீர்க்கதரிசனம் சொல்ல மற்றவர்கள் அதை நிதானிக்கட்டும் என்றார். யோவான், எல்லா ஆவிகளையும் நம்பவேண்டாம் என்றார். பெரோயா பட்டணத்தார் பவுலையே வேதாகமத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதற்காக அவர்கள் கடிந்துகொள்ளப்படாமல் நற்குணசாலிகள் என்று புகழப்பட்டார்கள். பவுல் சோதிக்கப்படலாமானால், கிளிநொச்சி மைதானத்திலே மேடை போட்டவர் சோதிக்கப்படலாகாதா? கேள்வி கேட்கப்படுவதை விசுவாசக் குறைவென்று சொல்லித் தடுத்த மேடைகள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, 2023இல் கென்யாவின் ஷகஹோலா வனத்திலே தோண்டி எடுக்கப்பட்ட நானூறுக்கும் மேற்பட்ட சடலங்கள் சாட்சி. பட்டினி கிடந்து மரித்தால் இயேசுவைச் சந்திக்கலாம் என்று ஒரு போதகர் சொன்னதை நம்பினவர்கள் அவர்கள்.

ஆதிச் சபையார் இவ்விஷயத்திலே நம்மிலும் கூர்மையானவர்களாய் இருந்தார்கள். பன்னிரு அப்போஸ்தலரின் போதனை என்று வழங்கும் பழைய கிரேக்க ஏடு ஒன்று கொன்ஸ்தாந்திநோப்பிளிலே 1873இற் கண்டெடுக்கப்பட்டு, பத்து வருஷங்களின் பின் அச்சேறியது. ஊரூராய்த் திரிந்த போதகர்களை எப்படி ஏற்றுக்கொள்வது என்பதைப்பற்றி அதிலே உள்ள விதிகளை வாசித்தால், வன்னியைக் கண்டு எழுதினார்களோ என்று தோன்றும். வருகிறவரை ஆண்டவரைப் போல் ஏற்றுக்கொள்ளவேண்டும். ஆனால் ஒருநாள், அவசியமானால் இரண்டுநாள் தங்கலாம், மூன்றாம்நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த தங்குமிடம் வரைக்கும் போதுமான அப்பத்தை மாத்திரம் கொடுக்கவேண்டும். பணம் கேட்டால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. ஆவியிலே பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் தா என்று கேட்பவருக்குச் செவிகொடுக்கலாகாது. இல்லாத பிறருக்காகக் கேட்டாலோ அவரை நியாயந்தீர்க்கலாகாது. கற்பித்ததைத் தாம் செய்யாதவரும் கள்ளரே. அன்புக்கும் எச்சரிக்கைக்கும் அந்த மக்கள் கண்ட சமநிலையைக் கவனியுங்கள்: கதவு திறந்திருந்தது, பணப்பெட்டியின் பூட்டும் பூட்டியிருந்தது.

இவ்வளவும் சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் பாதியே சொன்னவனாவேன். ஏமாந்த ஜனம் ஒருவரையும் நம்பாத ஜனமாக மாறிவிடுவது எளிது. எல்லாரும் கள்ளர் என்று சொல்லிவிட்டுப் படலையைச் சாத்திக்கொள்வது விவேகம்போலத் தோன்றும், ஆனால் அது சோம்பலின் வேறொரு பெயரே. 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே, தாக்குதல் ஒன்று வரவிருக்கிறது என்ற எச்சரிக்கை இந்தியாவிலிருந்து நம்முடைய நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கிடைத்திருந்தது. அது மெய்யான குரல். அதைக் கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை. அம்மாதம் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் கொழும்பு விடுதிகளிலுமாக 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023 ஜனவரியிலே உயர் நீதிமன்றம், தாக்குதல் நடந்தபோது பதவியிலிருந்த ஜனாதிபதியும் அதிகாரிகளும் தங்கள் கடமையில் தவறியதாகத் தீர்ப்பளித்து நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது. பொய்யை நம்புவதற்கு விலை உண்டென்றால், மெய்யைத் தள்ளுவதற்கும் அதற்குக் குறையாத விலை உண்டு. பதரை நீக்குகிறோம் என்று விதைநெல்லையும் சேர்த்துக் கொட்டிவிடுகிற கமக்காரன் அடுத்த போகத்துக்கு எதை விதைப்பான்?

பழைய சபைகளைச் சேர்ந்தவர்கள் இதை வாசித்து, இதெல்லாம் தகரக் கொட்டகைக்காரரைப்பற்றிய பேச்சு என்று தேற்றிக்கொள்ளவேண்டாம். யுத்தத்தின் பின்னர் அந்தத் தாய்மாரின் வீட்டுக்கு முதலிலே போய்த் தரையில் உட்கார்ந்து அழுதவர்களிற் பலர் அந்தக் கொட்டகைகளைச் சேர்ந்தவர்கள்; நாம் பூசைக்கும் ஆராதனைக்கும் நேரம் பார்த்து மணியடித்துக்கொண்டிருந்தோம். கேட்கப்படாத துயரம், தன்னைக் கேட்க வருகிற முதற் காதை நம்பிவிடுகிறது. நம்முடைய பீடங்களிலிருந்து மௌனம் பேசியபோதே மற்றக் குரல்களுக்கு வழி உண்டாயிற்று. தேர்தற் காலத்திலே கட்சிக்காரரைப் பக்கத்திலே உட்காரவைத்துக்கொண்டு ஆசீர்வதித்ததும், சபைக் கணக்கைக் கேட்டவரைக் குழப்பக்காரன் என்று ஒதுக்கியதும் எந்தக் கொட்டகையிலே மாத்திரம் நடந்தன? எபிரெயருக்கு எழுதின நிருபம், நடத்துகிறவர்கள் ஆத்துமாக்களுக்காகக் கணக்கு ஒப்புவிக்கவேண்டியவர்கள் என்று சொல்லும்போது அங்கியின் நிறத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஆதலினால், என் சகோதரரே, நம்முடைய சபைகள் எல்லாம் ஒருமனப்பட்டுச் செய்யக்கூடிய சில காரியங்களைத் தாழ்மையோடு முன்வைக்கிறேன். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரைப்பற்றித் தரிசனம் கண்டேன் என்று எவர் சொன்னாலும், அதை அந்தத் தாயின் காதிலே தனியாகச் சொல்ல இடங்கொடாமல், முதலிலே சபையின் மூப்பர் இருவர் மூவர் முன்னே சொல்லச் செய்யுங்கள். சொன்ன திகதியையும் சொன்னவர் பெயரையும் எழுதிவைத்து அவரைக் கையெழுத்திடச் சொல்லுங்கள். மெய்யாய்க் கண்டவர் தயங்கமாட்டார். ஜெபத்துக்கு ஈடாகக் காணிக்கை உறை கொடுக்கப்படும் இடத்திலே எழுந்து வெளியே வாருங்கள். மைதானக் கூட்டத்துக்குச் சேர்ந்த பணம் எவ்வளவு, அது எங்கே போயிற்று என்பதை அடுத்த ஞாயிறு வாசிக்கச் செய்யுங்கள். சபை உறவைக் காட்டி விற்கப்படுகிற பணத்திட்டம் எதுவாயினும், ஆள்சேர்ப்பினாலே இலாபம் வருமென்றால் அது இந்நாட்டுச் சட்டத்தினாலே தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டம் என்பதை மறையுரையிலேயே சொல்லுங்கள். கைபேசியிலே வந்த செய்தியை இன்னொருவருக்கு அனுப்புமுன், இதைச் சொன்னவர் யார், அவர் அங்கே இருந்தாரா, இது பொய்யானால் அவருக்கு என்ன நட்டம் என்று மூன்று கேள்வி கேட்டுப்பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மாலை போடாத படம் உள்ள வீடுகளுக்கு, சொல்வதற்கு ஒன்றுமில்லாமலேயே போய் இருந்துவிட்டு வாருங்கள். எனக்குத் தெரியாது, அம்மா, ஆனால் தெரியவரும்வரை உங்களோடு இருந்து கேட்பேன் என்று சொல்லக்கூடிய ஒரு சபை, ஆயிரம் தரிசனக்காரரிலும் அவளுக்குப் பிரயோசனமானது.

நல்ல மேய்ப்பனின் சத்தத்தை ஆடுகள் அறியும் என்று கர்த்தர் சொன்னபோது, அந்த மேய்ப்பனுக்கும் கூலிக்காரனுக்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்த்தே சொன்னார்: ஓநாய் வரும்போது ஒருவன் ஓடிப்போவான், மற்றவர் தம் உயிரைக் கொடுப்பார். சத்தத்தின் இனிமையைக்கொண்டு அளக்கும்படி அவர் சொல்லவில்லை. ஓநாய் வந்த நாளிலே யார் நின்றார்கள் என்பதைக்கொண்டு அளக்கும்படி சொன்னார். வன்னியிலே ஓநாய் வந்த நாளை நாம் கண்டிருக்கிறோம். ஆகையால் அந்த அளவுகோல் வேறெவரினும் நம்முடைய கைக்குப் பழக்கமானது. அதை மறுபடியும் எடுங்கள். உங்களோடு பேசுகிற ஒவ்வொருவரிடமும் அச்சமின்றிக் கணக்குக் கேளுங்கள். இம்மடலை எழுதுகிற என்னிடமும் கேளுங்கள். உங்களிடம் கேட்கப்படும்போது நீங்களும் மனமுவந்து கணக்குக் கொடுங்கள். கணக்குக் கொடுக்க மறுக்கிற குரல் எவ்வளவு பரிசுத்தமான வார்த்தைகளைப் பேசினாலும் அதற்குக் கீழ்ப்படியாதிருங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் ஊழியத்திலுள்ள,
வன்னிச் சபையொன்றின் மூப்பன்